அமைப்புகள்: அடுத்த எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது

2, 4, 6, 8, ___ என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாம் வகுப்புக் குழந்தை தயங்காமல் 10 என்று நிரப்பிவிடும். அதே குழந்தையிடம் "இந்த வரிசையில் இருபதாவது எண் எது?", "57 இதில் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் மடக்கி 12, 14, 16 என்று எண்ணத் தொடங்கினால், அதற்கு இரண்டிரண்டாக எண்ணத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். "40. எந்த இடமோ அதைப் போல இரண்டு மடங்கு" என்று சொன்னால்தான் அமைப்பு பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இந்தப் பகுதிக்கு 'அமைப்புகள்' என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் 'கோலங்கள்', 'எண் கோலங்கள்' என்று வரும். எந்தப் புத்தகமானாலும் பயிற்சிகளில் பெரும்பாலானவை கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்பவை. அதை நிரப்பிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டால் பிற்பாடு வகுத்தலிலும் இயற்கணிதத்திலும் உதவ வேண்டிய ஒரு கருவி கைநழுவிப் போகிறது. அதனால் எந்த அமைப்பை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எது திரும்ப வருகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் என்ன மாறுகிறது? வெகுதூரத்தில் இருக்கும் ஓர் இடத்தில் என்ன வரும்? ஏன் அப்படி?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளோடு உட்காரும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இந்த வழிமுறை. வேண்டிய பொருள்கள்: புளியங்கொட்டை 60, சட்டைப் பொத்தான் 30, கொஞ்சம் பாசிமணி, நூல், கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று. குச்சிக்கு விளக்குமாற்று ஈர்க்கை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள், 75 துண்டு போதும். தீக்குச்சியைவிட இது நல்லது, ஆபத்தும் இல்லை, உருளவும் உருளாது.

திரும்ப வரும் அமைப்பு

கொட்டை, பொத்தான், கொட்டை, பொத்தான் என்று அடுக்குவதில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். தவறில்லை. ஆனால் அதிலேயே ஒரு மாதம் நின்றுவிட்டால் "அமைப்பு என்றால் மாறி மாறி வைப்பது" என்று குழந்தை முடிவு செய்துகொள்ளும். பிறகு கொட்டை, கொட்டை, பொத்தான் என்று நீங்கள் வைத்தாலும் அது கொட்டை, பொத்தான், கொட்டை, பொத்தான் என்றே தொடரும். ஆகவே மூன்றாம் நாளே துண்டை மாற்றிவிடுங்கள். இங்கே துண்டு என்பது எது முழுசாகத் திரும்பத் திரும்ப வருகிறதோ அது.

கேள்வி கேட்பதற்கு முன் துண்டை முழுதாக மூன்று முறையாவது அடுக்குங்கள். கொட்டை, பொத்தான், கொட்டை என்று மூன்றே பொருளை வைத்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்டால் எந்தப் பதிலும் சரியாகத்தான் இருக்கும். துண்டு 'கொட்டை, பொத்தான்' ஆக இருந்தால் அடுத்தது பொத்தான். 'கொட்டை, பொத்தான், கொட்டை' ஆக இருந்தால் அடுத்தது கொட்டை.

வேலையைத் தரும் வரிசையும் முக்கியம். முதலில் நீங்கள் அடுக்கியதைப் பார்த்து, அதற்கு நேர் கீழே அதையே அடுக்கச் சொல்லுங்கள். அது வந்ததும் நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பிறகு தொடரச் சொல்லுங்கள். அதற்கும் பிறகு, ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் ஒரு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலையில்தான் பல குழந்தைகள் திணறும். தொடர்வதற்கு முந்தைய பொருளைப் பார்த்தால் போதும். துண்டைப் பிரிப்பதற்கு மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

தொடரச் சொல்லும்போது ஒரு சிறு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் அடுக்குவதைத் துண்டின் நடுவில் நிறுத்துங்கள். கொட்டை, பொத்தான், மணி, கொட்டை, பொத்தான், மணி, கொட்டை, பொத்தான், மணி, கொட்டை... இங்கே நிறுத்திக் குழந்தையிடம் கொடுங்கள். பொத்தானை எடுத்தால் சரி. மறுபடி கொட்டையை எடுத்தால், அது அமைப்பைத் தொடரவில்லை, துண்டை முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. துண்டு முடிந்த இடத்திலேயே எப்போதும் நிறுத்திக் கேட்டால் இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. மேசையின் ஓரம் வந்ததும் அடுத்த வரியைப் புதிதாகத் தொடங்குவதும் இதே கோளாறுதான்.

நூலில் கோப்பது இன்னும் நல்ல சோதனை. மூன்று நிறப் பாசிமணியை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று 10 மணி கோத்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள். முடிச்சில் இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். "எத்தனை மணி இருந்தால் ஒழுங்காகச் சேரும்?" 9, 12, 15 என்று குழந்தையே கண்டுபிடிக்கும். மூன்றாம் வாய்ப்பாடு அங்கே தானாக வந்து உட்காருகிறது.

பொருளை ஒலியாக மாற்றுவதையும் விடாதீர்கள். தாளச் சொற்கட்டு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. 'தகிட தகிட தகிட' மூன்று அசை, 'தகதிமி தகதிமி' நான்கு அசை, 'தக தகிட' ஐந்து, 'தகிட தகதிமி' ஏழு. ஒவ்வொரு துண்டின் முதல் 'த'விலும் ஒரு தட்டு. இப்போது கேளுங்கள்: 'தகிட'வைத் திரும்பத் திரும்பச் சொன்னால் 17-வது அசை எது?

முதலில் சொல்லி எண்ணட்டும். பிறகு 'ட' எந்தெந்த இடத்தில் விழுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்: 3, 6, 9, 12, 15. அப்படியானால் 16 'த', 17 'கி'. 'தகதிமி'யில் 30-வது? 28-ல் 'மி' முடிகிறது, 29 'த', 30 'க'. நான்காம் வகுப்பில் இதையே வகுத்தலாகச் சொல்லிக்கொடுக்கலாம்: 30-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே துண்டின் இரண்டாவது அசை. மீதி 0 வந்தால் குழப்பம் வரும். "ஒன்றுமில்லை" என்றோ முதல் அசை என்றோ சொல்வார்கள். மீதி 0 என்றால் துண்டு முழுதாக முடிந்துவிட்டது, அதனால் கடைசி அசை. இதை விதியாகச் சொல்லாமல் 4, 8, 12-வது அசைகளைச் சொல்லிப் பார்க்கவைத்தால் போதும்.

கிழமைக் கணக்கும் இதே வகைதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. இன்று செவ்வாய் என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 98 நாளில் 14 வாரம் முடிகிறது, மீதி 2, ஆகவே வியாழன். அசைக் கணக்கில் முதல் 'த' 1-வது. கிழமைக் கணக்கில் இன்றைய நாள் 0-வது, நாளைதான் 1. இரண்டையும் ஒரே நாளில் நடத்தினால் ஒன்றின் பழக்கம் மற்றதில் புகுந்து விடை ஒரு நாள் தள்ளிப் போகும். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வளரும் அமைப்பு: ஈர்க்குச்சிச் சதுரங்கள்

தொடக்கப் பள்ளியில் ஒரே ஒரு வளரும் அமைப்பைத்தான் நிதானமாக நடத்த முடியும் என்றால் இதை எடுங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. அதன் வலப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சதுரம். நடுக்குச்சி இரண்டுக்கும் பொது. மொத்தம் 7. மூன்று சதுரத்துக்கு 10.

மூன்று வரை குழந்தையே செய்யட்டும், அதுவே எண்ணட்டும், அதுவே நோட்டில் எழுதட்டும். நான்காவதைச் செய்யும் முன் எத்தனை வரும் என்று சொல்லச் சொல்லுங்கள். 13 என்று சொன்னபின் செய்து சரிபார்க்கட்டும். அடுத்த கேள்வி ஐந்தாவதைப் பற்றி இருக்கக்கூடாது. நேராகப் பத்துக்குத் தாவுங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று கேட்டுக்கொண்டே போனால் குழந்தை மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போகும், உருவத்தைப் பார்க்கத் தேவையே இருக்காது.

பத்துச் சதுரத்துக்கு எத்தனை குச்சி என்றால் மூன்று விதமான பதில் வரும்.

40 என்று சொல்வது முதல் வகை. ஒரு சதுரத்துக்கு 4, பத்துக்கு 40. பொதுக்குச்சியை மறந்துவிட்டார்கள். ஒட்டாத பத்துச் சதுரங்களையும் ஒட்டிய பத்தையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டினால் தெளிந்துவிடும்.

32 என்பது இரண்டாவது. இது கெட்டிக்காரக் குழந்தைகள் செய்யும் தப்பு என்பதால் கவனமாகப் பாருங்கள். ஐந்துக்கு 16, ஆகவே பத்துக்கு அதன் இருமடங்கு. இருமடங்காக்கும் வழி வாய்ப்பாட்டில் செல்லும், இங்கே செல்லாது. ஐந்து சதுர வரிசை இரண்டைச் செய்து மெதுவாக நகர்த்தி ஒட்டவையுங்கள். ஒட்டும் இடத்தில் இரண்டு குச்சி ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டால் 31. நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது வகைக் குழந்தை பத்தையும் அடுக்கி ஒவ்வொன்றாக எண்ணி 31 என்று சரியாகச் சொல்லும். விடை சரி என்று விட்டுவிடாதீர்கள். "நூறு சதுரத்துக்கு?" என்று கேளுங்கள். அவ்வளவு ஈர்க்கு இல்லாததால் இப்போது அது உருவத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்க உதவ, இடது ஓரத்தில் நிற்கும் முதல் குச்சிக்கு மட்டும் சிவப்பு மை தடவுங்கள். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் சேர்வது மூன்றே குச்சி, பக்கவாட்டில் சாய்த்த 'ப' மாதிரி. ஆக, ஒரு சிவப்புக் குச்சி, ஒரு சதுரத்துக்கு ஒரு 'ப'. பத்துக்கு 1 + 30, நூறுக்கு 1 + 300. வேறு குழந்தை வேறு விதமாகப் பார்க்கலாம். முதல் சதுரத்துக்கு 4, மிச்சம் ஒன்பதுக்கு மும்மூன்று, 4 + 27. அல்லது மேல் வரிசையில் 10, கீழ் வரிசையில் 10, நிற்கும் குச்சிகள் 11. மூன்றும் 31தான். வகுப்பில் இந்த மூன்றும் வெளியே வந்தால் அன்றைய பாடம் வெற்றி. ஒன்றுதான் வந்தால் மற்ற இரண்டை நீங்கள் சொல்லிவிடாமல், "வேறு மாதிரி எண்ண முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பிறகு தலைகீழாகக் கேளுங்கள். 52 குச்சி இருந்தால் எத்தனை சதுரம்? சிவப்பை எடுத்துவிட்டால் 51, மூன்றால் வகுத்தால் 17. 50 குச்சி என்றால்? 49, அதாவது 16 சதுரம், ஒரு குச்சி மிச்சம். முதல் குச்சியைக் கழிக்காமல் 50-ஐ நேராக 3-ஆல் வகுத்தால் 16, மீதி 2 வரும். சதுரங்களின் எண்ணிக்கை இங்கே தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுவதால் மீதியையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் குறியீடு தேவையில்லை. 'சதுரங்களின் எண்ணிக்கை × 3 + 1' என்று வாக்கியமாக எழுதினால் போதும். எண்ணிக்கைக்குப் பதில் ஒரு காலிக் கட்டம் போட்டாலும் நல்லதே.

கொட்டையில் சதுரமும் படிக்கட்டும்

ஒரு கொட்டையை வையுங்கள். அதைச் சுற்றி 'ட' வடிவில் 3 வைத்தால் 2×2 சதுரம். அதற்கு 'ட' வடிவில் 5, பிறகு 7. 1, 1+3, 1+3+5, 1+3+5+7 என்று கூட்டினால் 1, 4, 9, 16 வரும். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் சதுர எண்களே வருகின்றன என்பது கொட்டையில் கண்கூடாகத் தெரியும். 3×3 சதுரத்துக்கு இடப் பக்கம் 3, கீழே 3, மூலைக்கு 1 என்று 7 சேர்ந்தால் 4×4. இங்கே வழக்கமான பிழை மூலைக் கொட்டை. அதை விட்டுவிட்டால் 6, இரண்டு கையிலும் சேர்த்து எண்ணினால் 8. மூலைக்கு மட்டும் பொத்தான் வைத்தால் பிழை நின்றுவிடும்.

படிக்கட்டு அமைப்பில் 1, அடுத்த வரிசையில் 2, அதற்கடுத்து 3. மொத்தம் 1, 3, 6, 10. இதை நடத்துவதற்குக் காரணம் ஒன்றே: இதில் கூடுவதே மாறுகிறது. எப்போதும் ஒரே எண்தான் கூடும் என்று பழகிய குழந்தை 1, 3-ஐப் பார்த்ததும் 5 என்று எழுதும். எண்களுக்கு நடுவே சிறு வளைவு போட்டு +2, +3, +4 என்று எழுதவையுங்கள். பத்தாவது எத்தனை என்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு படிக்கட்டுகளைச் செய்து ஒன்றைத் தலைகீழாக்கி ஒட்டுங்கள். நான்கு வரிசைப் படிக்கட்டு இரண்டு சேர்ந்தால் 4×5 செவ்வகம், 20 கொட்டை, ஒன்றுக்கு 10. பத்து வரிசைக்கு 10×11-ல் பாதி, 55.

கோலப் புள்ளி

வாசலில் புள்ளி வைக்கும் வீடாக இருந்தால் அமைப்புப் பாடம் அங்கேயே கிடக்கிறது. நேர்புள்ளியில் நடுவரிசை 5, அதற்கு மேலும் கீழும் 3, பிறகு 1. மொத்தம் 1+3+5+3+1 = 13. நடுவரிசை 7 என்றால் 25, 9 என்றால் 41. வரிசையாக 1, 5, 13, 25, 41. கூடுவது 4, 8, 12, 16. வரிசைக்கு வரிசை ஏன் இரண்டு குறைகிறது என்று கேளுங்கள். நேர்புள்ளியில் மேல் புள்ளி கீழ்ப் புள்ளிக்கு நேராகத்தான் நிற்கும், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று விடுபடும்.

ஊடுபுள்ளியில் மேல் புள்ளி இரண்டு புள்ளிகளின் இடைவெளியில் விழுவதால் ஒன்றுதான் குறையும். 5 புள்ளி, 3-ல் நிறுத்தினால் 3+4+5+4+3 = 19. 7 புள்ளி, 4-ல் நிறுத்தினால் 37. 1, 7, 19, 37 என்று போகிறது, கூடுவது 6, 12, 18. நேர்புள்ளி நான்கின் மடங்காகவும் ஊடுபுள்ளி ஆறின் மடங்காகவும் வளர்வதற்குக் காரணம் வெளிச்சுற்றின் பக்கங்கள்: முன்னதற்கு நான்கு, பின்னதற்கு ஆறு. கடைசிச் சுற்றுப் புள்ளிகளை வேறு நிறச் சுண்ணக்கட்டியில் வைத்தால் இது தெரியும். (ஆர்வமுள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 1, 1+7, 1+7+19, 1+7+19+37 என்று கூட்டிப் பார்க்கட்டும். 1, 8, 27, 64.)

வாய்ப்பாட்டுக்குள் இருப்பவை

1 முதல் 100 வரை, வரிசைக்குப் பத்தாகக் கட்டம் போட்டு 9-இன் மடங்குகளுக்கு நிறம் தீட்டினால் இடப்பக்கம் சாய்ந்த கோடு வரும். 9 கூட்டுவது என்றால் 10 கூட்டி 1 குறைப்பது. கட்டத்தில் ஒரு படி கீழே, ஒரு படி இடது. 11-க்கு ஒரு படி கீழே, ஒரு படி வலது. 2-க்கும் 5-க்கும் நேர்க்கோடுகள். இதோடு விட்டுவிட்டால் சாய்வது 9-இன் குணம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். ஆகவே அதே எண்களை வரிசைக்கு ஆறாக எழுதி மறுபடி நிறம் தீட்டச் சொல்லுங்கள். இப்போது 2, 3, 6 நேராக நிற்கும், 5 இடப்பக்கம் சாயும், 7 வலப்பக்கம் சாயும். அகலமும் எண்ணும் சேர்ந்துதான் கோட்டைத் தீர்மானிக்கின்றன. காலண்டர் தாள் வரிசைக்கு ஏழு என்பதால் அதில் 7 நேராக இறங்கும், 8 வலப்பக்கமும் 6 இடப்பக்கமும் சாயும்.

ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும் என்பது எல்லாரும் சொல்லிக்கொடுப்பது. 9×10 வரை அது சரி. 9×11 = 99, கூட்டினால் 18. "அப்போது தப்பா?" என்று குழந்தை கேட்கும், கேட்க வேண்டும். 18-ஐ மறுபடி கூட்டினால் 9. முன்கூட்டியே 99 வரை போய்ச் சொல்லிவைப்பது நல்லது.

எங்கள் கணிப்பில் வாய்ப்பாட்டைப் பிடிக்காத குழந்தைக்கு ஏற்ற வேலை ஒன்றாம் இட இலக்கத்தைப் படமாக வரைவதுதான். ஒரு தட்டை வைத்து வட்டம் போடுங்கள். உச்சியில் 0, நேர் கீழே 5, வலப் பக்கம் சம இடைவெளியில் 1, 2, 3, 4, இடப் பக்கம் கீழிருந்து மேலாக 6, 7, 8, 9. மூன்றாம் வாய்ப்பாட்டின் ஒன்றாம் இடம் மட்டும்: 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0. பூஜ்யத்திலிருந்து தொடங்கி இதே வரிசையில் அளவுகோல் வைத்து இணைத்தால் பத்து முனை நட்சத்திரம். இரண்டுக்கு ஐங்கோணம், நான்குக்கு ஐந்து முனை நட்சத்திரம், ஐந்துக்கு ஒரு நேர்க்கோடு, ஒன்றுக்குப் பத்துப் பக்க உருவம்.

ஏழுக்கு வரையும்போது மூன்றின் அதே நட்சத்திரம் வரும். கோடு போகும் திசை மட்டும் எதிர். ஒன்றாம் இடத்தைப் பொறுத்தவரை 7 கூட்டுவதும் 3 குறைப்பதும் ஒன்றே, ஏனென்றால் இரண்டும் சேர்ந்து 10. அதேபோல் 2-ம் 8-ம், 4-ம் 6-ம், 1-ம் 9-ம் ஜோடிகள். 5-க்கு அதுவே ஜோடி. இதில் வரும் பிழைகள் இரண்டு: 12-ல் 2-ஐ எடுக்காமல் 1-ஐ எடுப்பது, 0 திரும்ப வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. பாதி நட்சத்திரம் வந்தால் இரண்டாவதுதான் காரணம்.

குறைந்துகொண்டே போகும் வரிசைகளுக்கு (50, 45, 40 அல்லது 41, 38, 35 போன்றவை) தனி முறை வேண்டாம். பத்தைத் தாண்டும் இடத்தில், 32-க்கு அடுத்து 29 வருவது போன்ற இடங்களில் மட்டும் கவனியுங்கள். அங்கே நடப்பது கழித்தல் பிழை, அமைப்புப் பிழை அல்ல.

ஒரே வரிசைக்கு இரண்டு விடை

1, 2, 4, ___ என்ற கேள்விக்கு 8 மட்டும்தான் விடை என்று விடைக்குறிப்பு சொல்லலாம். 7 எழுதிய குழந்தை +1, +2, +3 என்று பார்த்திருக்கலாம். சிவப்பு மையைத் திறக்கும் முன் "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். விதியைச் சொல்லி, அந்த விதிப்படி எழுதியிருந்தால் அது சரியே. நீங்களே கேள்வி தயாரிக்கும்போது குறைந்தது ஐந்து எண்களைக் கொடுங்கள், அல்லது விதியையே சொல்லிவிடுங்கள், அல்லது குச்சி, கொட்டை என்று ஓர் உருவத்தோடு கொடுங்கள். உருவம் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

ஐந்து எண் பார்த்தும் ஏமாறலாம் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்க்கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 என்று வகுப்பே கத்தும். எண்ணினால் 31. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துவிட்டால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி 30 ஆகிவிடும். அதனால் கொஞ்சம் தாறுமாறாக வையுங்கள். எப்படி வைத்தாலும் 32 வராது. ஏன் என்பதை ஐந்தாம் வகுப்பில் விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். இந்த ஒரு படத்தைப் பார்த்த பிள்ளைகள் அதன்பிறகு "எண்ணிப் பார்த்தாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள்.

நேரமும் சோதனையும்

ஒரு நாளைக்கு 15 நிமிடம், ஓர் அமைப்பு. முதல் இரண்டு வகுப்புகளுக்குத் திரும்ப வரும் அமைப்பும் எண் தாவலும் (இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக எண்ணுவது) போதும். குச்சியும் 'ட' வடிவமும் மூன்றாம் வகுப்பிலிருந்து. மீதியை வைத்துக் கண்டுபிடிப்பதும் தலைகீழ்க் கேள்விகளும் வகுத்தல் நன்றாக வந்தபின். பொருளில்லாமல் எண்களை மட்டும் கொடுப்பதை அந்தந்த அமைப்பின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் இடைவெளி விட்டு, பொருளைக் கையில் கொடுக்காமல் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. கொட்டை, கொட்டை, பொத்தான் என்று திரும்பத் திரும்ப வருகிறது. 25-வது எது? முதல் 25-ல் பொத்தான் எத்தனை? (கொட்டை, 8. பொத்தான் எண்ணிக்கைக்கு 9 என்று வந்தால், அரைகுறையாக நிற்கும் கடைசித் துண்டையும் முழுத்துண்டாக எண்ணியிருக்கிறது.)

2. ஈர்க்குச்சியில் முக்கோணங்களை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகச் செய்தால் 3, 5, 7 குச்சி ஆகிறது. 20 முக்கோணத்துக்கு எத்தனை? 50 குச்சியில் எத்தனை முக்கோணம்? (41, 24 முக்கோணம், ஒரு குச்சி மிச்சம். 60 என்றால் பொதுக்குச்சியை மறந்தது. பத்துக்கு வரும் 21-ஐ இரட்டித்து 42 என்றால் பழைய இருமடங்குப் பிழை.)

3. 5, 8, 11, 14, 17 என்று போகும் வரிசையில் 100 வருமா? (வராது. ஒவ்வொரு எண்ணும் மூன்றின் மடங்கைவிட 2 அதிகம். 98 வரும், 101 வரும். "100 மூன்றாம் வாய்ப்பாட்டில் இல்லை, அதனால் வராது" என்று காரணம் சொன்னால் விடை சரி, காரணம் தப்பு. உடனே 99 வருமா என்று கேளுங்கள். வரும் என்று சொன்னால், தொடக்க எண் 5 என்பதைக் குழந்தை கணக்கில் எடுக்கவில்லை. சிவப்புக் குச்சிக்கே திரும்பிப் போங்கள்.)